தண்ணீரில் சாகாதவன்

ஒரகடம்,
4 ஆகஸ்ட் 1991

மேஜர் ஜெனரல் ரத்தினம் அவர்களுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். இனி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

என்னை உங்களுக்கு நினைவிருக்கும். காஞ்சிபுரம் மாணவர் விடுதியில் உங்களோடு ஒரே அறையில் இருந்த வெங்கடேசன். பின்னால் உங்கள் கமாண்டோப் படையில் உங்கள் கீழேயே கேப்டனாக வந்து சேர்ந்து, எழுபத்தொன்றாம் ஆண்டுப் போருக்குச் சற்று முன்னால் உங்களால் வெளியே அனுப்பப்பட்டவன். வரலாற்றில் எம்.ஏ. வாங்கிய நான் இப்போது ஸ்ரீபெரும்புதூர் சாலையில் ஒரு பவுண்டரியில் செக்யூரிட்டி ஆபீஸர். ஷிப்ட் முடிந்து போகிறவர்களின் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்ப்பது என் வேலை.

வல்லக்கோட்டைக்குப் பாதை பிரியும் இடத்தில் உங்கள் பெயரில் ஒரு நுழைவு வளைவு எழும்புகிறது. விஜயதசமி அன்று நீங்கள் வந்து திறந்து வைக்கப் போகிறீர்களாம். ரைஸ் மில் பாபுதான் கமிட்டித் தலைவர். போன வருஷம் நீங்கள் கடல் கடந்து படை நடத்திவிட்டுத் திரும்பியபோது இதே பாபு உங்கள் பெயரைச் சொல்லவே அக்கம்பக்கம் பார்ப்பார். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது நடந்த பிறகு எல்லாருக்கும் திடீரென்று உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. மாலைகளுக்கும் பருவம் உண்டு போலிருக்கிறது.

விழா மலருக்கு உங்கள் வாழ்க்கைக் குறிப்பை எழுதும் பொறுப்பை என் தலையிலேயே கட்டினார்கள். உட்கார்ந்து எழுதினேன். வானத்திலிருந்து குதித்தது, மகாவீர் சக்கரம் வாங்கியது, வடகிழக்குக் காட்டில் கீர்த்தி சக்கரம் வாங்கியது, அடுத்து லெப்டினன்ட் ஜெனரல் பதவிக்கு உங்கள் பெயர் பரிசீலனையில் இருப்பது எல்லாம் எழுதினேன். எழுதி முடித்துப் படித்தால் அதில் அப்பாவு இல்லை.

அப்பாவு நம் ஊர்க்காரன். உங்கள் பேச்சை நம்பிப் பட்டாளத்துக்கு வந்து நாயக் பதவி வரை உயர்ந்தவன். ஆற்றைக் கடக்கும் பயிற்சியில் மூழ்கிச் செத்தான் என்று அவன் மனைவி கனகத்துக்கு உங்கள் படையிலிருந்து எழுதி அனுப்பினார்கள். சென்னை ராணுவ ஆஸ்பத்திரியில் உங்கள் பழைய சுபேதார் ஒருவரைப் போன மாதம் பார்த்தேன். சாகக் கிடக்கிறார். மறைக்க இனி அவருக்கு ஒன்றுமில்லை. அப்பாவு மூழ்கவில்லை என்றார். எல்லைக்கு அப்பால் அவனை உயிரோடு விட்டுவிட்டு வந்தோம் என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

ஆக, உங்கள் மார்பில் தொங்கும் சக்கரம் எதற்குக் கொடுத்தது? அதை விஜயதசமி மேடையில் நீங்களே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் பதவி உயர்வைப் பார்க்கிறவர்களுக்கு நான் எழுதுவேன்.

வெங்கடேசன்


புது டெல்லி,
16 ஆகஸ்ட் 1991

அன்புள்ள வெங்கடேசா,

உன் கடிதம் கிடைத்தது. நீ என்னை 'நீங்கள்' என்று எழுதியிருப்பதைப் படித்துக் கொஞ்சம் சிரித்தேன், கொஞ்சம் வருந்தினேன். நான் 'நீ' என்றே எழுதுகிறேன்.

வளைவு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேண்டாம் என்று பாபுவுக்கு எழுதினேன். அடித்தளம் போட்டாகிவிட்டது என்று பதில் வந்தது.

அப்பாவுவைப் பற்றி என்னால் எதுவும் சொல்ல முடியாது. பதிவில் என்ன இருக்கிறதோ அதுதான் நடந்தது. நீயும் சீருடை போட்டவன், இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மகாவீர் சக்கரம் டிசம்பரில் வேறொரு இடத்தில் நடந்த சண்டைக்குக் கொடுத்தது. அதில் இருந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம்.

நீ யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். ராணுவச் செயலாளர், ராணுவத் தலைமையகம், புது டெல்லி என்று போட்டால் போய்ச் சேரும்.

ரஞ்சனி நலமா? உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
ரத்தினம்


ஒரகடம்,
25 ஆகஸ்ட் 1991

ரத்தினத்துக்கு,

விலாசம் கொடுத்து உதவியதற்கு நன்றி. 'நீங்கள்' என்பது உனக்குச் சிரிப்பாக இருந்தால் நானும் 'நீ' என்றே எழுதுகிறேன். அதில் நட்பைத் தேடாதே. என் மூட்டுவலியையும் விசாரிக்காதே.

பதிவில் இருப்பதுதான் நடந்தது என்கிறாய். அந்தப் பதிவு இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைக் கேள்.

கனகம் எங்கள் பவுண்டரி கேன்டீனில் வேலை செய்கிறாள். தினமும் அவள் பையையும் நான்தான் சோதிக்கிறேன். போன வாரம் பாபு மானேஜரிடம் நன்கொடை வாங்க வந்தவர், கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே விழா ஏற்பாடுகளைச் சொன்னார். போரில் இறந்தவர்களின் குடும்பங்களை மேடையில் ஏற்றி உன் கையால் புடவை கொடுக்கப் போகிறார்களாம். யாரோ கனகத்தையும் கூப்பிடலாமே என்றார்கள்.

"அது சண்டைல செத்தவங்களுக்குப்பா. இது வூட்டுக்காரன் தண்ணிய போட்டுகினு தண்ணில வுழுந்து பூட்டான். அவனுக்கு இன்னாத்துக்கு மேடை?" என்றார் பாபு. சிலர் சிரித்தார்கள். அவள் சாம்பார் வாளியோடு அங்கேயே நின்றிருந்தாள்.

ஊரில் இருபது வருஷமாக இதுதான் பேச்சு. காரணம் உனக்கே தெரியும். அப்பாவு செம்பரம்பாக்கம் ஏரியில் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்தினவன். மழைக்காலத்தில், பந்தயத்துக்காக. அப்படிப்பட்டவன் பயிற்சியில் மூழ்கிவிட்டான் என்று சர்க்கார் எழுதினால் ஊர் என்ன நினைக்கும்? குடித்திருந்தான் என்று நினைக்கும். மூழ்கினான் என்று எழுதியவன் அவனை அறிந்தவனாக இருந்தால் வேறு ஏதாவது பொய்யைத் தேடியிருப்பான். உன் ஆட்கள் செய்த தவறு அது. உலகத்தில் எத்தனையோ சாவு இருக்க, நீந்தத் தெரிந்தவனுக்குத் தண்ணீரைக் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் வாசலில் அவள் பையைத் திறந்து காட்டியபடியே என்னைக் கேட்டாள். "சார், நீங்க பட்டாளத்துல இருந்தவரு. ஏரிய நீஞ்சிக் கடந்த ஆளு சார் அவுரு. நான் வேற ஒண்ணும் கேக்கல. குடிச்சிட்டு செத்தாரா, இல்லியா, அது தெரிஞ்சாப் போதும். பொண்ணு கேக்குது."

பெண்ணின் பெயர் லீலா. அப்பன் சாகும்போது வயிற்றில் இருந்தவள். போன தையில் அவளுக்கு ஒரு வரன் வந்து, அப்பன் செத்த கதையைக் கேட்டதும் எழுந்து போனது. குடி ரத்தத்தில் வரும் என்று சொன்னார்களாம்.

 கனகத்தின் பையை மூடிக் கொடுத்தேன். சுபேதார் சொன்னதைச் சொன்னால் 'உயிரோடு விட்டுவிட்டு வந்தார்கள்' என்ற அரைகுறையைத்தான் சொல்ல முடியும். அது அவளுக்குத் தண்ணீரைவிட மோசம்.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. என்னை ஏன் அனுப்பினாய்? ஒரு காகிதம், அதில் ஒரு வரி: 'பொருத்தமற்றவர்.' ஓட்டத்தில் நான் பின்தங்கியதில்லை. விமானக் கதவில் தயங்கியதில்லை. உன்னைவிட நன்றாகச் சுட்டேன். பழைய ரெஜிமென்டுக்குத் திரும்பியபோது என்னைப் பார்த்த பார்வைகளை உனக்குச் சொல்லிப் பயனில்லை. நான் வேலையை விட்டது அந்த ஒரு வரியால். புகழில் பங்கு கேட்பேன் என்று பயந்தாயா?

வெங்கடேசன்


புது டெல்லி,
8 செப்டம்பர் 1991

அன்புள்ள வெங்கடேசா,

பாபு சொன்னதாக நீ எழுதியதைப் பலமுறை படித்தேன். அப்பாவு குடித்துச் செத்தான் என்று ஊர் பேசுவது எனக்குத் தெரியாது. நான் ஊருக்கு வருவதே இல்லை என்று நீ சொல்வாய். உண்மைதான்.

இந்தக் கடிதத்தை எழுதக் கூடாது. எழுதுகிறேன்.

போர் அறிவிக்கப்படுவதற்கு முன்பே எங்களை எல்லைக்கு அப்பால் அனுப்பினார்கள். போர் இல்லாதபோது நடந்தது என்பதால் அது நடக்கவில்லை. நடக்காத ஒன்றில் ஒருவனும் சாக முடியாது. அதனால் எவனாவது செத்தால் எழுத ஒரு காரணத்தை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தார்கள். ஆற்றைக் கடக்கும் பயிற்சி. அது யாருக்குப் போய்ச் சேரும் என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

போன வேலை முடிந்தது. திரும்பும்போது சுட்டார்கள். அப்பாவுவுக்கு இடுப்பில் பட்டது. முடிந்த தூரம் தூக்கி வந்தோம். இன்னும் இரண்டு பேருக்கும் காயம். வெளிச்சம் வருவதற்குள் ஆற்றைத் தாண்டாவிட்டால் ஒருவரும் திரும்ப மாட்டோம். ஒரு கரும்புத் தோட்டத்தில் அவனை இறக்கினேன். தண்ணீர் வைத்தேன். புறப்பட்டோம். உடல் திரும்பி வரவே இல்லை.

அது தவறு என்று நான் உனக்கு எழுதப் போவதில்லை. மறுபடியும் அதே இடத்தில் நிறுத்தினால் அதையே செய்வேன். நான் குதித்ததையும் சுட்டதையும் பார்த்து எனக்குப் பதக்கம் தந்தார்கள். உண்மையில் இத்தனை வருஷமாக நான் செய்த வேலை ஒன்றுதான்: யாரைக் கூட்டிப் போவது, யாரை விட்டுப் போவது. மற்றதெல்லாம் எவனும் பழகிக்கொள்ளக்கூடியது.

இனி உன் கேள்வி. திருப்பி அனுப்பப்படுகிறவனுக்குக் காரணம் சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். சொன்னால் வாதாடுவான். வாதம் ஆரம்பித்தால் அனுப்புகிறவன் மனம் இளகும். ஆனால் இப்போது சொல்கிறேன்.

நீ தூக்கத்தில் பேசுவாய்.

விடுதியில் முதல் வாரமே கண்டுபிடித்தேன். வார்டனோடு வழக்காடுவாய். தமிழில், உரக்க, தெளிவாக. அந்தப் பயணத்தில் நாங்கள் பகலில் கரும்புக்குள் படுத்துத் தூங்கினோம். வரப்பில் விவசாயிகள் பேசிக்கொண்டு போவது காதில் விழும். அங்கே ஒருவன் தூக்கத்தில் வாய் திறந்தால் எல்லாரும் போனோம். உன்னை நம்பினேன், வெங்கடேசா. உன் தூக்கத்தை நம்ப முடியவில்லை.

உன் இடத்தில் ஒருவனைச் சேர்க்க வேண்டியிருந்தது. அப்பாவு தானாக முன்வந்தான்.

இதை உன்னிடம் மறைத்ததற்கு வழக்கம் மட்டும் காரணம் இல்லை. புரிந்துகொள்வாய்.

இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கனகத்துக்குப் படித்துக் காட்டு. அவன் குடிக்கவில்லை. அதன் பிறகு இதை நீ எங்கே அனுப்பினாலும் சரி. பதவி உயர்வுப் பட்டியல் அக்டோபரில் முடிவாகிறது.

ரத்தினம்


ஒரகடம்,
19 செப்டம்பர் 1991

ரத்தினம்,

உன் கடிதத்தை நான் முதலில் நம்பவில்லை. அன்று சாப்பிடும்போது ரஞ்சனியிடம் கேட்டேன். "இன்னா இப்ப வந்து கேக்குறீங்க? கல்யாணம் ஆன நாள்லருந்து பேசிகினுதான் கீறீங்க. கேட்டுல நிக்கிறவங்கள எல்லாம் தூக்கத்துல மெரட்டுறீங்க. பக்கத்து வூட்டு சரோஜா வரைக்கும் கேக்குது" என்றாள். ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்றேன். "சொன்னா நீங்க ஒத்துக்குவீங்களா?" என்று குழம்பை ஊற்றிவிட்டுப் போனாள்.

நீயும் அவளும் பேசி வைத்ததுபோல ஒரே காரணம் சொல்கிறீர்கள். நான் வாதாடுகிறவன்.

இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. எதன்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. இத்தனை காலம் 'பொருத்தமற்றவர்' என்ற சொல்லுக்குள் எதையெல்லாம் போட்டு வைத்திருந்தேன் தெரியுமா? உன் பொறாமை, உன் பயம், உன் பேராசை. அதில் குறட்டை மாதிரி ஓர் அற்பக் குறை உட்கார்ந்திருக்கும் என்று கனவில்கூடத் தோன்றவில்லை. கனவில்தான் பேசிக்கொண்டிருந்தேனே.

கனகத்தைப் பார்த்தேன். கேன்டீனுக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்தில், மற்றவர்கள் போன பிறகு. உன் கடிதத்தைப் படிக்கவில்லை, என் வாயால் சொன்னேன். குடிக்கவில்லை என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூழ்கவில்லை, சண்டையில் அடிபட்டான், கரும்புத் தோட்டத்தில் அவனை விட்டுவிட்டு வந்தார்கள் என்றேன். என் இடத்தில் போனான் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொல்ல முடியவில்லை.

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "நீங்க போயிருந்தா ரஞ்சனி அக்கா இந்த வாளியத் தூக்கிகினு நின்னிருக்கும்" என்றாள். குற்றமாகவும் சொல்லவில்லை, ஆறுதலாகவும் சொல்லவில்லை.

பிறகு ஒரு கேள்வி கேட்டாள். "அவுரே போங்கன்னு சொன்னாரா சார், இல்ல இவுங்களா வுட்டுட்டு வந்தாங்களா?"

உன் கடிதத்தில் அது இல்லை. தண்ணீர் வைத்தேன், புறப்பட்டோம் என்று மட்டும் எழுதியிருக்கிறாய். நான் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கிறேன்.

வெங்கடேசன்


புது டெல்லி,
30 செப்டம்பர் 1991

வெங்கடேசா,

போகச் சொல்லவில்லை.

விடியும் வரைக்கும் இருங்கள் சார் என்றான். அது மட்டும்தான் கேட்டான். விடியும் வரைக்கும் இருக்க முடியாது, அதுதான் விஷயமே. அவனுக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்டான். மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டு நான் இருக்க முடிந்தவரை இருந்தேன். என் சட்டைக் கையைப் பிடித்திருந்தான். விரல்களை நான்தான் எடுத்தேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடமும் இல்லை. செய்ததை மறுபடியும் செய்வேன் என்று போன கடிதத்தில் எழுதினேன். அது இன்னும் உண்மை. ஆனால் அதை எழுதும்போது இதை விட்டுவிட்டேன் என்பதை நீ கவனித்திருப்பாய். கனகம் கவனித்துவிட்டாள்.

அவனே போகச் சொன்னான் என்று நீ அவளிடம் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அவளுக்கு அது நல்லதாக இருக்கலாம். அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

விழாவுக்கு வர இயலாது என்று பாபுவுக்குத் தந்தி கொடுத்துவிட்டேன்.

ரத்தினம்


ஒரகடம்,
9 அக்டோபர் 1991

ரத்தினம்,

உன் கடிதம் வந்ததும் உன்னை முடித்துவிடலாம் என்று தோன்றியது. மறைக்க என்ன இருக்கிறது? சட்டைக் கையிலிருந்து விரல்களை எடுத்த ஜெனரல். அந்த ஒரு வரி போதும். பத்திரிகைக்காரர்கள் இன்னும் ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜுகளில் செய்தி தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தாளை எடுத்தேன், எழுதவும் எழுதினேன். கிழித்துவிட்டேன் என்று சொன்னால் நீ என்னை நல்லவன் என்று நினைத்துவிடுவாய். கிழிக்கவில்லை. மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அனுப்பப் போவதில்லை.

பிறகு கனகத்திடம் போனேன். இந்த முறை அவள் வீட்டுக்கே. லீலாவும் இருந்தாள். போகும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன், பொய் சொல்வதென்று. உண்மை உண்மை என்று உன்னிடம் கத்தியவன் நான்தான். ஆனாலும் அந்த வாசலில் நின்றபோது, அவனே போகச் சொன்னான் அம்மா, 'நீங்கள் போய்விடுங்கள் சார், எனக்காக நிற்காதீர்கள்' என்றான் என்று சொன்னேன். நன்றாகவே சொன்னேன். விழா மலரில் போடலாம் அப்படி.

கனகம் தலையை ஆட்டினாள். "நல்லாத்தான் கீது சார். ஆனா அவுரு அப்டி சொல்ற ஆளு இல்ல. ஊசி போட்டாக்கூட என் கையப் புடிச்சிக்குவாரு. ஏரிய நீஞ்சுவாரு, இருட்டுல கொல்லைக்குப் போவ என்ன எழுப்புவாரு."

அதற்கு மேல் என்னால் பொய்யைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன். சட்டைக் கை வரும் இடத்தில் நிறுத்தினேன். படிங்க சார் என்றாள் லீலா. படித்தேன்.

யாரும் அழவில்லை. கனகம் தன் முழங்கையை மறு கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எந்த ஊர்க் கரும்பு என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வெட்டும் பருவமா, இன்னும் வளரும் பருவமா என்று கேட்டாள். அதுவும் தெரியவில்லை. "அப்ப கூட ஆள் இருந்துகீது" என்றாள். "நம்மூர் ஆளு. இத்தினி வருசமா நான் தண்ணிக்குள்ள தனியால்ல நெனச்சிகினு இருந்தேன்."

நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். "வளைவுக்கு நான் வரல, அந்த ஜெனரலும் வர வேணாம். வூட்டுக்கு வரச் சொல்லுங்க. அந்த நேரத்துல அவுரு இன்னா பேசினாரு, இவுரு இன்னா சொன்னாரு, எல்லாம் லீலா கேக்கட்டும். சோறு ஆக்கி வைக்கிறேன்னு சொல்லுங்க."

இது அழைப்பா, தண்டனையா என்று நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். எனக்குப் புரியவில்லை. நீ போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கு. கார், காவல், கொடி எதுவும் வேண்டாம். நான் வந்து கூட்டிப் போகிறேன். வழியில் பேச எனக்கும் சில விஷயங்கள் இருக்கின்றன. அவை உனக்குப் பிடித்தவையாக இருக்காது.

வாழ்க்கைக் குறிப்பை பாபுவிடம் கொடுத்துவிட்டேன். உன் பதக்கங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. அப்பாவுவைப் பற்றி ஒரு வரி சேர்த்தேன்: 'இந்த ஊரிலிருந்து இவரோடு சென்று நாட்டுக்காக உயிர் தந்தவர் நாயக் அப்பாவு.' எங்கே, எப்படி என்று எழுதவில்லை. ஆதாரம் இருக்கிறதா என்று பாபு கேட்டார். நான் கேப்டன் வெங்கடேசன், என் பெயரில் போட்டுக்கொள் என்றேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பதவியை முதல்முறையாக வெளியில் சொன்னேன். ஊர் நம்புமா என்று தெரியாது. லீலாவின் அடுத்த வரன் வரும்போது தெரியும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். விரல்களை எடுத்ததற்கு மன்னிக்க நான் யார்? தூக்கத்தில் பேசுகிறாய் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் என்னை அனுப்பினாயே, அதை மட்டும் மன்னிக்க முடியும். அதைச் செய்ய இன்னும் மனம் வரவில்லை. வாதாடியிருப்பேன்தான். வாதாட விட்டிருக்கலாம்.

நடக்காத ஒரு சண்டையைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன். உனக்கு வரும் தபாலை யார் பிரிப்பார்களோ தெரியாது. பெயர் போடாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அது காரணம் இல்லை. தாளின் கடைசிக்கு வந்து பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பழையபடி 'அன்புள்ள' என்று போடக் கை வரவில்லை. வெறுமனே 'வெங்கடேசன்' என்று போட்டால் முந்தைய கடிதங்களை எழுதியவன் போட்டதாகிவிடும். அவனும் இல்லை நான் இப்போது. வேறு எப்படிப் போடுவது என்று தெரியும் வரை காத்திருந்தால் இந்தத் தாள் இங்கேயே கிடக்கும், கனகம் சோறாக்கிக் காத்திருப்பாள். ஆகவே கையெழுத்தில்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.